ஒரு சீட், இரண்டு பயணிகள்: டிஎல்ஏ+ இல் முதல் மாடல்

வெள்ளி இரவு பெங்களூர்–மதுரை பஸ்ஸில் ஒரே சீட் பாக்கி. மடிவாளாவில் ஏறப்போகும் செல்வியும் முருகனும் ஒரே நேரத்தில் புக் செய்கிறார்கள். சீட், பேமென்ட், டிக்கெட் என மூன்று தனித்தனி சர்வீஸ்கள். வேலை ஓட்டத்தை வரையும் பிபிஎம்என் படத்தில் இவற்றை அழகாக வரையலாம். ஆனால் செய்திகள் எந்த வரிசையில் வந்தால் கணக்கு உதைக்கும் என்று படம் சொல்லாது. அதைத் தேடித்தருவது லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ+; ஒரு சிஸ்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கணித நடையில் எழுதும் மொழி. விஎஸ் கோடு எடிட்டரில் டிஎல்ஏ+ எக்ஸ்டென்ஷன், கம்ப்யூட்டரில் ஜாவா 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். மாடலைச் சரிபார்க்கும் டிஎல்சி என்ற கருவி எக்ஸ்டென்ஷனோடு வந்துவிடும்.

முதலில் நிலைகள். சீட் யார் பிடியில் இருக்கிறது, ஒவ்வொருவர் பணமும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது (கேட்கவில்லை, கேட்டாச்சு, வந்தாச்சு, திருப்பியாச்சு), டிக்கெட் வாங்கியவர்களின் கணம் (செட்). கட்டணம், பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். டிக்கெட்டை ‘உரிமையாளர்’ என்று ஒரே மாறியில் வைத்தால் இரண்டு பேருக்கு டிக்கெட் போவது மாடலில் நடக்கவே முடியாது. சோதனை பாஸ் ஆகும், ஆனால் எதையும் சோதித்திருக்காது.

அடுத்து ஆக்‌ஷன்கள்: சீட்டைப் பிடி, பணம் கேள், பணம் வந்தது, நேரம் முடிந்தது, டிக்கெட் கொடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை, ஒரு மாற்றம். சீட் காலியாக இருந்து, அவரிடம் இன்னும் பணம் கேட்காமலும் இருந்தால்தான் பிடிக்கலாம். மாறாத மாறிகளையும் ‘அன்சேஞ்ச்டு’ என்று எழுதியாக வேண்டும். விட்டால் அடுத்த நிலை முழுமையாக இல்லை என்று டிஎல்சி நின்றுவிடும். பிடித்த சீட்டை வைத்திருக்கும் 10 நிமிடக் கெடுவுக்குக் கடிகாரம் தேவையில்லை. டிக்கெட் கொடுக்காதவரை ‘நேரம் முடிந்தது’ எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விடுங்கள்.

இன்வேரியன்ட் (எந்த நிலையிலும் மீறக் கூடாத விதி): டிக்கெட் கணத்தில் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. ‘டிக்கெட் கொடு’ பணம் வந்ததா என்று மட்டும் பார்த்தால் டிஎல்சி இப்படி ஒரு தடம் காட்டும்: செல்வி பிடிக்கிறார், பணம் கேட்கப்படுகிறது, நேரம் முடிகிறது. முருகன் பிடித்து, பணம் கட்டி, டிக்கெட் வாங்குகிறார். அப்புறம் செல்வியின் பணம் வந்து சேர்கிறது, இரண்டாவது டிக்கெட்டும் போகிறது.

சீட் இப்போதும் அவர் பிடியில்தான் இருக்கிறதா என்ற நிபந்தனையைச் சேர்த்தால் இன்வேரியன்ட் தாங்கும். ஆனால் செல்வியின் பணம் அந்தரத்தில் நிற்கும். ‘பணத்தைத் திருப்பு’ என்ற ஆக்‌ஷனும், பணம் வந்தால் டிக்கெட்டோ ரீஃபண்டோ கிடைத்தே தீரும் என்ற லைவ்னஸ் விதியும் வேண்டும். (இப்படி ஈடுகட்டும் வழியோடு வேலைகளைக் கோர்ப்பதற்கு ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இல் வைத்த பெயர் சாகா.) டிக்கெட், ரீஃபண்ட் இரண்டுக்கும் வீக் ஃபேர்னஸ் (தொடர்ந்து நடக்கக்கூடிய நிலையிலேயே இருப்பது கடைசியில் நடந்தே தீரும் என்ற உறுதி) கொடுக்க மறந்தால், எதுவுமே நடக்காமல் சிஸ்டம் உறைந்து நிற்பதையே டிஎல்சி பிழையாகக் காட்டும்.

எல்லாம் முடிந்த நிலையை டிஎல்சி டெட்லாக் (அடுத்த அடி எதுவும் இல்லாத நிலை) என்று சொன்னால் பதற வேண்டாம்; ‘முடிந்தது, அப்படியே இரு’ என்று ஓர் ஆக்‌ஷன் சேருங்கள். பிறகு 3 பயணிகள், 2 சீட் என்று ஏற்றிப் பாருங்கள், இன்வேரியன்டில் சீட் எண்ணிக்கையையும் மாற்றி. வேகத்துக்காக சிமெட்ரி (பயணிகளை இடம் மாற்றினால் மட்டும் வேறுபடும் நிலைகளை ஒன்றாகவே எண்ணுவது) போடுவதானால் இன்வேரியன்ட் சோதனையில் மட்டும். லைவ்னஸோடு போட்டால் உண்மையான பிழை நழுவிப் போகலாம்.