நானோ ஆம்பியரை அரை மில்லி செகண்டில் பிடிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம், சோமனூர் பக்கத்து மில்களில் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் நிமிடத்துக்கு 1200 மீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பாயும். நூலின் தடித்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டவைக்கும் சென்சார்தான் கிளியரர். ஆப்டிகல் கிளியரர் என்றால் அந்த இடுக்கின் ஒரு பக்கம் எல்.இ.டி., எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் போட்டோடையோடு. நூல் தடித்தால் நிழல் கூடும், கரண்ட் குறையும். ஒரு செ.மீ. தடிப்பு கடந்து போக 0.5 மில்லி செகண்ட்தான் ஆகும்.

கோவை கணபதியில் ஒரு பட்டறையில் இந்த மாதிரி சென்சார் போர்டுகளோடுதான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் "எத்தனை நானோ ஆம்பியருங்கண்ணா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எவ்வளவு நேரத்துக்குள் அளக்க வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கணக்குக்கு வசதியாக, தடிப்பு வரும்போது கரண்ட் 1 நானோ ஆம்பியர் (ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு) மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்டை வோல்ட்டாக மாற்றும் ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் சிப்) சர்க்யூட்டில் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் பீட்பேக் ரெசிஸ்டர் 1 கிகா ஓம் போட்டால் 1 வோல்ட் கிடைக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டரோடு 1 பிகோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ் சேர்ந்தாலே, சர்க்யூட் எவ்வளவு மந்தம் என்று காட்டும் டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லி செகண்ட் ஆகிவிடும். அதாவது 160 ஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னல் படுத்துவிடும். அரை மில்லி செகண்ட் தடிப்பு மழுங்கி, பாதி உயரம்கூட ஏறாது. 10 மெகா ஓம் போடுங்கள். 10 மில்லி வோல்ட்தான் வரும், பரவாயில்லை, அடுத்த ஸ்டேஜில் பெருக்கிக்கொள்ளலாம். அதே 1 பிகோ ஃபாரடோடு இப்போது 16 கிலோ ஹெர்ட்ஸ் வரை போகும். ரெசிஸ்டரைக் குறைத்தால் இரைச்சல் கூடுமே என்பார்கள். கூடும்தான். 5 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 10 மெகா ஓமின் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய 3 பிகோ ஆம்பியர். நமக்கு வேண்டிய மாற்றமோ 1000 பிகோ ஆம்பியர். பயப்பட ஒன்றுமில்லை.

அதற்காக அந்த 1 பிகோ ஃபாரடை எடுத்தே விடலாம் என்றும் நினைக்காதீர்கள். பி.பி.டபிள்யூ.34 மாதிரி போட்டோடையோடுக்கே பயாஸ் வோல்ட்டேஜ் எதுவும் கொடுக்காதபோது 70 பிகோ ஃபாரட் இருக்கிறது. பீட்பேக்கில் கெபாசிட்டரே இல்லையென்றால் ஆப்-ஆம்ப் ஊசலாடத் தொடங்கும். டையோடை ஒரு மூலையிலும் ஆம்ப்ளிஃபையரை 3 மீட்டர் தள்ளியும் வைத்து நடுவில் கோயாக்ஸ் கேபிள் இழுத்தால், மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் வீதம் இன்னும் 300 சேரும். கேபிள் ஆடினாலே உராய்வில் கரண்ட் பிறக்கும். மில்லில் ஆடாத கேபிள் ஏது? ஆம்ப்ளிஃபையரை டையோடின் காலடியிலேயே வையுங்கள்.

கையில் இருக்கிறதே என்று எல்.எம்.358 ஆப்-ஆம்ப் போடுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. அதன் இன்புட் கால் தானாகவே எடுக்கும் பயாஸ் கரண்டே பத்துக்கணக்கான நானோ ஆம்பியர். நாம் தேடுவதோ 1 நானோ ஆம்பியர். ஃபெட் டிரான்சிஸ்டர் இன்புட் உள்ள டி.எல்.072-இல் அது 25 டிகிரியில் 65 பிகோ ஆம்பியர் அளவுதான். ஆனால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரண்டு மடங்காகும் என்பதைச் சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் போர்டு மாட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ஈரம். பட்டறை மேசையில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய போர்டை ஒரு மில்லில் மாட்டினோம். மறுநாள் காலையில் பிட்டர் போன் செய்தார்: "தம்பி, நல்ல நூலையெல்லாம் வெட்டித் தள்ளுதுங்க." நூல் அறாமல் இருக்க வைண்டிங் பகுதியில் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். சால்டரிங் செய்தபோது படிந்த பிளக்ஸ் பசையை நாங்கள் சரியாகக் கழுவவில்லை. அதன்மேல் ஈரமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து, 5 வோல்ட் தடத்துக்கும் இன்புட் காலுக்கும் நடுவே வழி உண்டாகிவிட்டது. அந்த வழி 1 கிகா ஓம் இருந்தாலே 5 நானோ ஆம்பியர் கசியும். கசிவு நிலையாகவும் நிற்காது, காற்றடிக்கிற பக்கமெல்லாம் ஆடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, சுத்தமான ஆல்கஹாலில் மறுபடி அலசி, சூடு காட்டி உலர்த்திய பிறகுதான் அடங்கியது. இப்போது இன்புட் தடத்தைச் சுற்றி அதே வோல்ட்டேஜில், கசிவை இடைமறிக்கும் ஒரு கார்டு வளையம் இல்லாமல் எந்த போர்டும் வரைவதில்லை. கழுவிய போர்டை விரலால் தொடவும் விடுவதில்லை.

அப்புறம் புரோகிராம். அர்டுயினோவில் ஒவ்வொரு ரீடிங்கையும் 9600 பாட் வேகத்தில் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே "ரியல் டைம்" என்கிறார்கள். நான்கு இலக்கமும் வரி முடிவும் சேர்ந்து 6 எழுத்து. அனுப்ப 6 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் 12 செ.மீ. நூல் ஓடிப்போயிருக்கும்! ரீடிங்கை மெமரியில் நிரப்பி, முடிவை அங்கேயே எடுத்து, எல்லை மீறியபோது மட்டும் செய்தி அனுப்புங்கள். நொடிக்கு 10,000 சாம்பிள் எடுத்துவிட்டு 16 சாம்பிளுக்குச் சராசரி போடுவதும் தப்பு. தடிப்பில் கிடைப்பதே 5 சாம்பிள், உயரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொல்ல 20 மில்லி செகண்ட் சராசரி என்று புத்தகங்கள் சொல்வது நிதானமான அளவீட்டுக்கு. இங்கே ஷீல்டும், டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் வெளிச்சம் டையோடில் படாத மறைப்பும்தான் மருந்து. பக்கத்து மோட்டார் டிரைவின் கிலோ ஹெர்ட்ஸ் இரைச்சலை, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.க்கு முன்னாலேயே வடிகட்ட வேண்டும். சாம்பிள் எடுத்த பிறகு அது மெதுவான அலை மாதிரி வேஷம் போடும், பிரிக்கவே முடியாது.

சாதாரண மல்ட்டிமீட்டரை நம்பி ஏமாறுவதும் இதே குடும்பம்தான். பொள்ளாச்சித் தோப்புக்கு மண் ஈர சென்சார் செய்யும் நண்பர், சென்சார் தூங்கும்போது 5 மைக்ரோ ஆம்பியர் என்று மீட்டரில் பார்த்து பேட்டரிக் கணக்குப் போட்டார். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 0.1 செகண்ட் விழித்து 40 மில்லி ஆம்பியர் இழுப்பதை மீட்டர் காட்டவே இல்லை. சராசரியில் அது மட்டும் 6.7 மைக்ரோ ஆம்பியர். பேட்டரி பாதிக் காலம்கூட வரவில்லை.

போர்டை மாட்டுவதற்கு முன் வேகத்தைச் சோதிக்க நாங்கள் செய்வது இது: பங்ஷன் ஜெனரேட்டரின் முக்கோண அலையை 1 பிகோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக இன்புட்டுக்குக் கொடுப்போம். 1 மில்லி செகண்டுக்கு 1 வோல்ட் ஏறினால் சரியாக 1 நானோ ஆம்பியர் போகும். இறங்கும்போது எதிர்த்திசையில் அதே அளவு. அவுட்புட்டில் ஸ்கோப்பை வைத்தால் சதுர அலை தெரிய வேண்டும். அதன் மூலை எவ்வளவு உருண்டிருக்கிறதோ அவ்வளவு மந்தம். 0.1 மில்லி செகண்டுக்குள் நிமிர்ந்தால் டப்பாவில் அடைப்போம், இல்லையென்றால் திரும்ப மேசைக்கு.