பழைய முகவரியிலிருந்து புதியதற்கு: 301 ரீடைரக்ட் அமைப்பது எப்படி?

ஒரு பக்கத்தின் முகவரியை மாற்றினால், பழைய இணைப்பைச் சொடுக்குபவருக்கு 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வரக்கூடாது. கூகுளில் அந்தப் பக்கம் சேர்த்து வைத்த மதிப்பும் புது முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் சரியாகச் செய்வது சர்வரிலேயே அமைக்கும் ரீடைரக்ட்தான், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானே அனுப்பும் விதி. ஜாவாஸ்கிரிப்டில் திருப்பிவிடுவதெல்லாம் சர்வர் பக்கம் போகவே வழியில்லாதபோது மட்டும்.

1. பட்டியல் போடுங்கள். ஒரு விரிதாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு மிக நெருக்கமான புதிய பக்கம். ஈடான பக்கம் இல்லையென்றால் 404 அல்லது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) வரட்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கூகுள் அதை 404 போலத்தான் நடத்தும்.

2. முதலில் 302, பிறகு 301. 301 நிரந்தரம், 302 தற்காலிகம். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பான 301 ஒருமுறை போய்விட்டால், வாசகரின் கணினியில் இருக்கும் அந்த நினைவை நீங்கள் அழிக்க முடியாது. 302 போட்டுச் சோதித்துவிட்டு எண்ணை மாற்றுவதே பாதுகாப்பு.

3. விதியை எழுதுங்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் சில டஜன் முகவரிகள்தான் என்றால் 'ரீடைரக்‌ஷன்' பிளகின் போதும். 404 ஆகும் முகவரிகளையும் பதிந்து காட்டும். பட்டியல் நீளமானால் சர்வரில் எழுதுவதே என் தேர்வு. வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி நிரல் ஓடுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் என்றால், விதிகள் எழுதும் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பைத் திறக்க வேண்டும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும். கோப்பு மேலாளரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். நகல் எடுக்காமல் தொடாதீர்கள், ஓர் எழுத்து பிசகினாலும் தளம் முழுக்க 500 (சர்வர் கோளாறு) பிழை வரலாம். வேர்ட்பிரஸ் தானே எழுதிய பகுதிக்கு மேலே உங்கள் விதிகளைப் போடுங்கள். உள்ளே போட்டால் அது மீண்டும் எழுதும்போது அழிந்துவிடும்.

பலரும் சிக்குவது இங்கேதான். அப்பாச்சியின் 'ரீடைரக்ட்' கட்டளை முழு முகவரியைப் பார்ப்பதில்லை, பாதையின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். /பதிவு என்பதை /பதிவு/புதியது என்று திருப்பினால், புதிய முகவரியும் /பதிவு என்றே தொடங்குவதால் விதி மறுபடி பாயும். முகவரி /பதிவு/புதியது/புதியது/புதியது என நீண்டுகொண்டே போய், உலாவி ஒரு கட்டத்தில் கைவிடும். தீர்வு: 'ரீடைரக்ட்மேட்ச்' கட்டளையில் பாதைக்கு முன்னால் ^ குறியும் இறுதியில் $ குறியும் போடுவது. அப்போது அந்த ஒரு முகவரி மட்டுமே பொருந்தும்.

இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் எச்டிஆக்சஸ் கோப்பைப் படிக்காது. அதன் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதி, பிழை சோதித்து, ரீலோட் செய்ய வேண்டும்.

4. சோதியுங்கள். உலாவியை நம்ப வேண்டாம், பழைய நினைவைக் காட்டிவிடும். டெர்மினலில் 'கர்ல்' (curl) கட்டளை கொண்டு ஹெடரை, அதாவது சர்வர் பதிலின் தலைப்பு வரிகளை, மட்டும் பாருங்கள்: முதல் பதில் 301, லொகேஷன் வரியில் சரியான முகவரி, அடுத்த பதில் 200 (பக்கம் கிடைத்தது). நடுவில் வேறு தாவல், அதாவது இன்னொரு ரீடைரக்ட், இருக்கக்கூடாது. எச்டிடிபி-யிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து www சேர்ந்த முகவரி, பிறகுதான் புதுப் பக்கம் என்று சங்கிலி நீண்டால், நேராகக் கடைசி முகவரிக்கே அனுப்பும்படி திருத்துங்கள். பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும். அதற்காக வாசகரைக் காக்க வைக்கலாமா?

வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையின் பின்னால் இருக்கும் தளம் முடிவில்லாமல் சுற்றினால், அதன் எஸ்எஸ்எல் (குறியாக்க) அமைப்பு 'ஃபிளெக்சிபிள்' என்று இருக்கிறதா பாருங்கள். அது சர்வரை எச்டிடிபி-யில் அழைக்கும், சர்வர் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும், சுற்று தொடரும். சர்வரில் சான்றிதழ் நிறுவி 'ஃபுல் ஸ்டிரிக்ட்' ஆக்கினால் நிற்கும்.

சரியானதும் தளத்தின் உள் இணைப்புகள், சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்), கனானிகல் (பக்கத்தின் முதன்மை முகவரியைச் சொல்லும் குறி) எல்லாவற்றிலும் புது முகவரியைப் போடுங்கள். பழைய முகவரிகளை, தேடுபொறிகளுக்கு எதைப் படிக்கக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் (robots.txt) கோப்பில் தடுக்காதீர்கள். தடுத்தால் கூகுள் 301-ஐப் பார்க்கவே பார்க்காது. விதிகளைக் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே எடுக்காதீர்கள் என்பேன் நான்.

பின்சேர்க்கை: பழைய முகவரியில் கேள்விக்குறியும் எண்ணும் இருந்தால் மேலே சொன்ன 'ரீடைரக்ட்', 'ரீடைரக்ட்மேட்ச்' இரண்டு அப்பாச்சி கட்டளைகளும் உதவாது, கேள்விக்குறிக்குப் பிந்தையதை அவை ஒப்பிடுவதே இல்லை. அதற்கு 'ரீரைட்' விதியும், குவெரி ஸ்டிரிங்குக்கு (கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதிக்கு) ஒரு நிபந்தனை வரியும் தேவை. புதிய முகவரியின் இறுதியில் வெறும் கேள்விக்குறி ஒன்றைச் சேருங்கள், இல்லையேல் பழைய எண் அங்கேயும் ஒட்டிக்கொண்டு வரும்.