கொல்லிமலை வளைவுகளுக்கு ஒரு என்.எஸ்.200ஐத் தயார் செய்வது எப்படி?

காரவள்ளியில் தொடங்கி மேலே ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் பல்சர் என்.எஸ்.200 பைக்கை முதல் தடவை அதில் ஏற்றியபோது பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிட்டது. சாய்க்கப் பார்த்தால் வண்டி முரண்டு பிடித்தது. சாய்ந்த பிறகோ பொத்தென்று உள்பக்கம் விழப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் அகலமான டயருக்கும் புதுச் சைலன்சருக்கும் விலை பார்த்தேன். நல்லவேளை, அன்றைக்குக் கையில் காசு இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்தது இதுதான்: முன் டயரில் காற்று குறைவு, பின் டயர் ஹைவேயிலேயே ஓடி நடுவில் தட்டையாகிவிட்டது, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் குண்டு பேரிங்) தேய்ந்துவிட்டது. வண்டியில் புதிதாகச் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. கெட்டுப்போனதைச் சரிசெய்தாலே போதும் என்ற நிலை. அதனால் இந்தப் பதிவிலும் அதே வரிசை. 2023க்கு முன் வந்த, சாதா ஃபோர்க் (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஷாக் குழாய்கள்) உள்ள என்.எஸ்.200ஐ வைத்துச் சொல்கிறேன். மற்ற 150, 200 சிசி வண்டிகளுக்கும் முறை இதேதான், அளவுகளை மட்டும் உங்கள் கையேட்டில் பாருங்கள்.

முதலில் காற்று

பென்சில் மாதிரி இருக்கும் காற்றழுத்த மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பங்க்கில் இருப்பதை நம்பாதீர்கள். நாள் முழுக்கக் கீழே விழுந்து அடிபடும் பொருள் அது. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 பி.எஸ்.ஐ. முன்னால் நாலு புள்ளி குறைந்தாலே ஹேண்டில் கனப்பது கைக்குத் தெரியும்.

கோன் செட், புஷ், பேரிங்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொரு கையின் விரலை ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமும் டி ஸ்டெம்மும் (ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் பாகம்) சேரும் இடத்தில் வையுங்கள். "டொக்" என்று விரலில் தட்டினால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. அடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்ப வேண்டும். சரியாக நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவது போல நின்றால் குண்டுகள் தடத்தைக் குழியாக்கிவிட்டன என்று அர்த்தம். இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நேர்ச் சாலையில்கூட வண்டி மெல்ல இடமும் வலமும் அலைவதற்குப் பல நேரம் இந்தக் குழிதான் காரணம்.

தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிக்குச் சைலன்சர் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். மெக்கானிக் கடையில் செயின் பிளாக்கில் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) தொங்கவிட்டுப் பார்ப்பதே நல்லது.

அப்படியே பின் சக்கரத்தை பேடாக் ஸ்டாண்டில் (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட்) ஏற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதன் மூட்டிலிருக்கும் புஷ் போய்விட்டது. செயின் தொய்வையும் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பின் ஷாக்கை உங்கள் எடைக்கு அமைப்பது

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு இல்லை, அரை மணி நேரம் போதும், வித்தியாசமோ உடனே தெரியும்.

ஷாக்கின் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். வண்டியோடு வந்த சி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கும். நீங்கள் ஏறி உட்காரும்போது வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை இது தீர்மானிக்கிறது. ஷோரூமிலிருந்து வரும்போது யாரோ ஒரு சராசரி ஆளுக்காக வைத்திருப்பார்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை.

இரண்டு நண்பர்கள் வேண்டும். பின் சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும், ஆக்ஸிலின் (சக்கர அச்சு) நடுவிலிருந்து நேர் மேலே பாடியில் ஒட்டிய டேப் துண்டு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் வைத்து ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தில் அளக்கட்டும். இரண்டு எண்ணையும் கழித்தால் வருவதுதான் தாழ்வு. சாலை ஓட்டத்துக்கு 30 முதல் 40 மி.மீ. வரை நல்லது.

எனக்கு 78 கிலோ. முதலில் 49 மி.மீ. வந்தது. பின்பக்கம் குந்திப்போய், முன்பக்கம் லேசாக இருந்திருக்கிறது. அதனால்தான் திரும்ப அடம். வளையத்தை இரண்டு படி ஏற்றியதும் 37 வந்தது. வால் நிமிர்ந்ததால் முன் சக்கரத்துக்கு எடை வந்து, வண்டி தானாகவே சுலபமாகத் திரும்ப ஆரம்பித்தது. கடைசிப் படி வரை ஏற்றிவிட வேண்டாம். அப்போது குண்டுகுழியில் சக்கரம் தரையோடு ஒட்டாமல் குதிக்கும்.

முன் ஃபோர்க் ஆயில்

முன்பக்கம் திருப்ப வளையம் கிடையாது. அங்கே நம் கையில் இருப்பது ஆயில்தான். பழைய ஆயிலை வடித்தால் சாம்பல் நிறத்தில் வரும், நாற்றம் குடலைப் பிடுங்கும். கையேட்டில் சொன்ன அதே தர ஆயிலைப் புதிதாக ஊற்றினாலே பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவது குறையும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரே ஒரு தரம் மேலே போங்கள், உதாரணத்துக்கு ஆயில் டப்பாவில் 10 டபிள்யூ என்று கெட்டித் தரம் இருந்தால் 15. அதற்கு மேல் போனால் சின்னக் குழியெல்லாம் மணிக்கட்டில் வந்து இறங்கும்.

முதல் தடவை நானே செய்தேன். ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றியதாக நினைப்பு, ஆனால் ஒரு காலில் பழைய ஆயில் முழுக்க வடியவில்லை. மறுபடி கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல் விட்டு அளந்தபோது 11 மி.மீ. வித்தியாசம். கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இந்த அளவைக் கேளுங்கள்.

டயர்

இங்கேதான் காசு போடலாம். அளவை மாற்றாதீர்கள்: முன்னால் 100/80-17, பின்னால் 130/70-17. ரிம் அப்படியே இருக்க, 150 டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு டயரின் வளைவே மாறிவிடும். பார்க்கக் கம்பீரம், திருப்பினால் மாட்டு வண்டி. அதே அளவில் மென்மையான ரப்பர் வாங்குங்கள். சீக்கிரம் தேயும், அது பிடிப்புக்குக் கொடுக்கும் விலை. புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்க்காமல் பொறுமையாக ஓட்டுங்கள்.

ஃபோர்க்கை 5 மி.மீ. ஏற்றுவது

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகும் இன்னும் சுறுசுறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். ஃபோர்க் குழாய்களைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை 5 மி.மீ. மேலே தள்ளினால் வண்டியின் தலை அந்த அளவு தாழும். ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய 0.2 டிகிரி செங்குத்தாகும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், கைக்குத் தெரியும்.

வண்டியின் முன் எடையைத் தாங்கிப் பிடித்த பிறகே தளர்த்துங்கள், இல்லையென்றால் தலை சரிந்து உட்கார்ந்துவிடும். ஹேண்டில் பாரும் குழாயைக் கவ்வியிருந்தால் அதையும் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து நன்றாக அமுக்கி, மட்கார்டு ரேடியேட்டர் பக்கம் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். வேகத்தடையில் அடிவயிறு முன்பைவிடச் சீக்கிரம் தட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக், சட்டம்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடமானால் மாற்றிவிடுங்கள், மூடியில் போட்டிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள். சைலன்சர் ஆசை இருப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் மாற்றினால் வண்டி கூடுதலாகத் திரும்பவும் போவதில்லை.

சோதித்துப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரே சாலையில் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். கொல்லிமலையில் சோதிப்பதாக இருந்தால் வேகம் வேண்டாம். வளைவில் பஸ் இறங்கி வந்தால் முழுச் சாலையும் அதற்குத்தான். வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையிலும் தடம் இருக்கிறது.

ஃபோர்க்கை ஏற்றிய பிறகு நான்குவழிச் சாலையில் 90க்கு மேல் ஹேண்டில் லேசாக நடுங்கினால், யோசிக்காமல் 5ஐ 3 ஆக்குங்கள். நான் மூன்றில்தான் வைத்திருக்கிறேன்.