பெல்ட் இறுக்கமாக இருந்தும் சரக்கு நகர்ந்தது ஏன்?

கோவையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வார்ப்பிரும்புச் சரக்கு அனுப்பும் வேலை எங்களுடையது. பெல்ட் போட்டு நன்றாக இறுக்கித்தான் அனுப்புவோம். ஆனாலும் பிரேக் போட்டால் சரக்கு முன்னால் நகரும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

அப்புறம் லாரியில் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரமான இஎன் 12195-ஐ எடுத்துப் படித்தேன். சரக்கின் எடையில் முன்பக்கம் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும். 10 டன் என்றால் முன்னால் 8 டன் விசை. இரும்புத் தளத்தில் உராய்வை 0.2 என்று வைத்தால் 2 டன் தானாக நிற்கும், மீதி 6 டன் நம் பொறுப்பு.

பெல்ட் லேபிளில் 2500 என்று பார்த்ததும் இரண்டரை டன் பிடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது நேராக இழுக்கும்போது தாங்கும் அளவு. சரக்கின் மேலே போட்டு அழுத்தும்போது கணக்குக்கு வருவது எஸ்டிஎஃப் என்ற சின்ன எண், அதாவது கையால் இறுக்கியதும் பெல்ட்டில் நிற்கும் இழுவிசை, பெரும்பாலும் சில நூறுதான். பெல்ட் சாய்வாக இறங்கினால் அதுவும் குறையும். தளத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையே 30 டிகிரி என்றால் பாதிதான்.

அதனால் பெல்ட்டைக் கூட்டவில்லை. அடியில் ரப்பர் பாய் விரித்தோம், உராய்வு 0.6 ஆகி, மீதி 2 டன்தான். முன்பலகையை ஒட்டி, இடைவெளியில் கட்டை அடைத்து ஏற்றினோம். தளத்தைக் கூட்டித் துடைக்க ஆள் போட்டதுதான் பெரிய சண்டை! மண்ணும் எண்ணெயும் இருந்தால் ரப்பர் பாயும் வீண்.

கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி ராட்செட்டை மறுபடி இறுக்கச் சொல்லியிருக்கிறேன். சரக்கு இப்போது நகர்வதில்லை.