சுரங்கப் பங்குகளும் நிதி ஒப்பந்தங்களும்: பங்குதாரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனிமம் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்க, விற்பனையில் ஒரு காசும் வராத சுரங்க நிறுவனம் அவ்வப்போது திரட்டும் பணத்தில்தான் உயிர் வாழ்கிறது. தாதுவின் தரத்தைத் துருவிப் பார்க்கும் பங்குதாரர்கள் நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் படிக்காமல் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

அறிவிக்கப்பட்ட தொகையைக் கைக்கு வந்த பணமாகக் கருதுவதே முதல் தவறு. இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், பாலிஹாலைட் என்னும் உரக் கனிமத்தை எடுக்க உட்ஸ்மித் சுரங்கத்தைத் தோண்டிய சிரியஸ் மினரல்ஸ் நிறுவனத்தில் சாதாரண மக்கள் பல்லாயிரம் பேர் தங்கள் சேமிப்பைப் போட்டிருந்தனர். 2019-இல் அது அறிவித்த திட்டத்தில் ஜே.பி. மார்கன் வங்கியின் 250 கோடி டாலர் கடன் வசதி பெரிதாகத் தெரிந்தது. ஆனால், முதலில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்றால்தான் அந்த வசதி கிடைக்கும் என்பது நிபந்தனை. அவ்வாண்டு செப்டம்பரில் பத்திர விற்பனை கைவிடப்பட்டதும் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. 2020-இல் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் பங்குக்கு 5.5 பென்ஸ் கொடுத்து அதை வாங்கியது. முந்தைய மே மாதம் புதிய பங்குகள் 15 பென்ஸுக்கு விற்கப்பட்டிருந்தன. ஆகவே எந்த அறிவிப்பைப் படித்தாலும், பணம் வருவதற்கு முன் என்னென்ன நடக்க வேண்டும், அவற்றில் ஒன்று தவறினால் மாற்று வழி என்ன என்று முதலில் தேட வேண்டும்.

தன் கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கை குறையவில்லை என்று நிம்மதியடைவது இன்னொரு தவறு. கனடாவின் சிறு நிறுவனங்கள் புதிய பங்கோடு வாரண்ட்டையும், அதாவது குறித்த விலையில் பின்னர் பங்கு வாங்கும் உரிமையையும், சேர்த்தே விற்பது வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி பங்குகளில் உங்களிடம் 1 லட்சம் இருந்தால் உங்கள் உரிமை 0.1 விழுக்காடு. நிறுவனம் 5 கோடி புதிய பங்குகளையும் ஒவ்வொன்றோடும் அரை வாரண்ட்டையும் (இரண்டு அரை சேர்ந்தால் ஒரு பங்கு) வெளியிட்டு, அவை முழுவதும் பங்காக மாறினால், மொத்தம் 17.5 கோடியாகி உங்கள் உரிமை ஏறத்தாழ 0.057 விழுக்காடாகிவிடும். இப்படிக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விற்கும் தனியார் ஒதுக்கீட்டுப் பங்குகளை அங்கே பொதுவாக நான்கு மாதங்களுக்கு விற்க முடியாது. தடை நீங்கியதும் பங்கை விற்றுவிட்டு வாரண்ட்டை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு என்பதால், அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பங்குகளை வெளியிடாமல் எதிர்கால உற்பத்தியில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்றுப் பணம் பெறும் ஏற்பாட்டை இலவசப் பணமாக எண்ணுவதும் பிழையே. சுரங்கத்தின் ஆயுள் முழுவதும் உற்பத்தியின் அந்தப் பகுதி வெளியே போகக்கூடும்.

வாக்களிக்கும் உரிமையை நழுவவிடுவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். பிரிட்டனில் தரகரின் நாமினி கணக்கில், அதாவது வாடிக்கையாளர்களுக்காகத் தரகர் தரப்பின் பெயரிலேயே இருக்கும் கணக்கில், பங்கு வைத்திருப்பவரின் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்காது. அங்கே நீதிமன்ற ஒப்புதலோடு நடக்கும் கையகப்படுத்தலுக்கு, வாக்களிக்கும் பங்குகளின் மதிப்பில் 75 விழுக்காட்டு ஆதரவோடு, வாக்களிப்பவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை தேவை; அந்தத் தலைக்கணக்கில் நாமினியின் பெயர்தான் வருமே தவிர, அதன் பின்னால் உள்ள ஆயிரம் பேர் தனித்தனியாக எண்ணப்படுவதில்லை. மதிப்புக் கணக்கிலாவது உங்கள் பங்குகள் சேர வேண்டுமானால் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தரகரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கு அவர் வைக்கும் கடைசி நாள், நிறுவனம் அறிவிக்கும் நாளுக்கு முன்னதாகவே முடிந்துவிடும்.