தாத்தாவின் பெட்டியில் கைத்துப்பாக்கி: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஜப்பான்காரன் ஆண்ட போர்க்காலத்துப் பொருள்கள் மலேசியாவில் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வாழைமரம் போட்ட ஜப்பானியப் பத்து டாலர் நோட்டு, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலைக்குப் போய்த் திரும்பியவரின் தகரக் குவளை, நேதாஜியின் படையில் இருந்த பாட்டியின் புகைப்படம். இவற்றோடு சில வீடுகளில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கியும் இருக்கும். 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்தபோது துப்பாக்கிகள் பல கைக்கு மாறின. மூன்றே ஆண்டில், 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தது. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் போட்டார்கள். வைத்திருந்தவர் பயந்துபோய் அதை இன்னும் ஆழமாக ஒளித்தார், யாரிடமும் சொல்லவில்லை. அவர் போன பிறகு, ஜெலுத்தோங்கிலோ செந்தூலிலோ பழைய வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளை அதைக் கண்டெடுக்கிறார். அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, 'தாத்தா சொத்து, இனி எனக்கு' என்று நினைப்பது. வீடும் நகையும் நிலமும் வாரிசுக்கு வரும். துப்பாக்கி அப்படி வராது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் என்பது ஓர் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அந்த ஆள் இறந்தால் அது பிள்ளைக்குத் தானாக மாறாது. உயிலில் 'என் துப்பாக்கி மூத்த பேரனுக்கு' என்று எழுதியிருந்தாலும், அந்த வரி பேரனுக்கு அதைக் கையில் வைத்திருக்கும் உரிமையைத் தராது. இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கிக்கும் இதே கதைதான். அவர் காலமானதும் குடும்பம் போலீசுக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். 'லைசென்ஸ் தேதி இன்னும் முடியவில்லையே' என்று அலமாரியில் வைத்துப் பூட்டுவது சரியல்ல. காகிதத்தில் தேதி மிச்சமிருக்கலாம், லைசென்ஸுக்கு உரியவர் இல்லையே.

போர்க்காலத்துத் துப்பாக்கிக்கோ அந்தக் காகிதம்கூடக் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த துப்பாக்கித் தண்டனை அதிகரிப்புச் சட்டத்தில் குற்றம் சாட்டினால் அதைவிடக் கடுமை: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. சட்டவிரோதமாக இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்திருந்தால், துப்பாக்கிக் கடத்தல் செய்கிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. 'ஒரு பழைய பொருளுக்கு இவ்வளவா' என்று கேட்பவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தச் சட்டங்கள் கொள்ளைக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனாலும் வாசகம் எல்லோருக்கும் ஒன்றே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'உடைமை' என்றால், பொருள் இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அது நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பரணில் கிடப்பதே தெரியாமல் இருந்த நாள்கள் வேறு. துணியைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து நிலைமை வேறு. அதனால்தான் 'காரியம் முடியட்டும், தீபாவளி முடியட்டும், அண்ணன் ஊரிலிருந்து வரட்டும்' என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

அடுத்தது, எடுத்துப் பார்ப்பது. இந்தப் பக்கத்தில் கிடைக்கக்கூடிய ஜப்பானியத் துப்பாக்கி ஒன்றைச் சொல்கிறேன். 1925இல் வந்த, 'நம்பு' என்று பெயர்கொண்ட 14ஆம் வகை. வலப்பக்கம் 18.5 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கில் ஷோவா 18ஆம் ஆண்டு மே மாதம், அதாவது 1943 மே, செய்தது என்று பொருள். அதில் வெளியே தெரியும் சுத்தி கிடையாது. தயார் நிலையில் இருக்கிறதா இல்லையா என்று பழக்கமில்லாதவர் பார்வையாலேயே சொல்லிவிட முடியாது. அதற்குப் பின் வந்த 94ஆம் வகை இன்னும் மோசம். விசையோடு இணைந்த ஒரு பட்டை இடப்பக்கம் வெளியிலேயே தெரியும். தயார் நிலையில் அதை அழுத்தினாலே வெடித்துவிடும், விசையைத் தொடக்கூட வேண்டாம். தோட்டாக் கூட்டை உருவி எடுத்துவிட்டால் காலி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். எண்ணைப் படிக்க ஆசைப்பட்டும் கையில் எடுக்காதீர்கள். துடைக்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பெட்டியில் கையெறிகுண்டு போல ஏதாவது இருந்தால் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறி 999க்கு அழைக்க வேண்டும். வெறும் தோட்டா மட்டும் கிடைத்தாலும் சட்டம் அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

மூன்றாவது, யூடியூபிலும் வெளிநாட்டு எழுத்துகளிலும் படித்துவிட்டு 'இது ஆன்டிக், லைசென்ஸ் வேண்டாம்' என்று முடிவு கட்டுவது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கிக்குப் பழம்பொருள் என்ற தனி இடம் உண்டு. பிரிட்டனில் 1939 செப்டம்பருக்கு முன் செய்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவை அந்தந்த நாட்டு விதிகள், கோலாலம்பூரில் செல்லாது. இங்கே, குண்டு வெளியேறக்கூடியதும், வெளியேறும்படி மாற்றி அமைக்கக்கூடியதும் ஆயுதமே. அதன் உதிரி பாகமும் ஆயுதமே. ஆகவே 'ஊசியைக் கழற்றிவிட்டேன்', 'குழாயை வெல்டிங் பண்ணி அடைத்துவிட்டேன்' என்பதெல்லாம் பிரச்சினையைத் தீர்க்காது. பட்டறையில் கொடுத்து அதைச் செய்தால், செய்து கொடுத்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

குடும்பக் கூட்டத்தில் வரும் யோசனைகள் இதைவிடப் பயங்கரம். 'கடலில் போட்டுவிடு.' 'மாமாவின் தோட்டத்தில் புதைத்துவிடு.' 'சேகரிக்கிற ஒருவர் நல்ல விலை கொடுப்பாராம்.' கடலில் போட்டது யார் கையிலாவது சிக்கலாம், புதைத்ததை வேறொருவர் தோண்டலாம். விற்றால் நேராகக் கடத்தல் சட்டத்துக்குள் காலை வைக்கிறோம். மாமாவிடம் கொடுத்தால் குற்றத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் இரண்டு பேர் ஆகிறார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

நல்ல மனிதர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 'நேர்மையாகப் போய் ஒப்படைப்போம்' என்று பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் சாலைத் தடுப்புச் சோதனை இருந்தால்? பையில் துப்பாக்கியோடு நிற்கும் ஆளைப் போலீஸ் எப்படிப் பார்க்கும்? நீங்கள் எடுத்துப் போகாதீர்கள், அவர்களை வரச் சொல்லுங்கள்.

சரியான வழி இதுதான். முதலில் குற்றவியல் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரை அன்றே அழையுங்கள். செலவு பயமென்றால், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. அப்புறம் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு வழக்கறிஞரோ நீங்களோ போன் செய்து, யார் வீடு, யார் இறந்தார், எப்போது, எந்த இடத்தில் கண்டீர்கள் என்று சொல்லி, வந்து எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்பதற்காக இதை நாள்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழும் உங்கள் ஐசியும் (அடையாள அட்டையும்) கையில் இருக்கட்டும். போலீஸ் ரிப்போர்ட்டில் துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, எடுத்துச்சென்ற நேரம் எல்லாம் வருகிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு பிரதி வாங்கி வையுங்கள். நீங்களாக வேறு கதை கட்ட வேண்டாம். 'யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்' என்ற பொய், உண்மையைவிட நூறு மடங்கு கேள்விகளைக் கொண்டுவரும்.

'பதிந்து வைத்துக்கொள்ள முடியாதா?' என்று கேட்பார்கள். லைசென்ஸ் தருவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. கைத்துப்பாக்கிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. விண்ணப்பிப்பதானால் துப்பாக்கி போலீஸ் கையில் இருக்கும்போது விண்ணப்பியுங்கள். 'லைசென்ஸ் வரும்வரை வீட்டில் இருக்கட்டும்' என்று ஒரு நாளும் வைத்திருக்காதீர்கள். அரும்பொருளகத்துக்குக் கொடுக்க ஆசையென்றாலும் நேரே தூக்கிக்கொண்டு போகாமல், அந்த விருப்பத்தைப் போலீசிடம் எழுத்தில் கொடுங்கள்.

வாழைமர நோட்டும் குவளையும் புகைப்படமும் உங்களுடையவை. அவற்றை யாரும் கேட்க மாட்டார்கள். ரிப்போர்ட்டின் பிரதியை அவற்றோடு வையுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அந்தத் துப்பாக்கி யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்படிக் கைக்கு வந்தது என்று இந்த வாரமே உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யுங்கள்.