இஞ்சி சோடா போட பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடி ஜாடியா? மொத தடவ போடுறவங்களுக்கு

வீட்லயே இஞ்சி சோடா போடணும்னு கேக்குறவங்க எல்லாரும் எவ்வளவு இஞ்சி, எவ்வளவு சீனின்னுதான் ஆரம்பிக்கிறாங்க. அதுல முன்னப்பின்ன ஆனாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. எதுல ஊத்தி வைக்கிறோங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

வெளிநாட்டுல வீட்ல பீர் போடுறவங்களுக்குள்ள இது ரொம்ப வருசமா ஓடுற சண்டை. ஒரு கோஷ்டி மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிதான் வேணும்பாங்க, இன்னொரு கோஷ்டி கார்பாய்தான் வேணும்பாங்க. கார்பாய்ங்கிறது நம்ம 20 லிட்டர் கேன் வாட்டர் கேனை அப்படியே கண்ணாடில செஞ்ச மாதிரி இருக்கும். தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம வீட்ல பீர் போடுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அதுனால அந்தப் பக்கம் நாம போக வேணாம். ஆனா அவங்க சொல்ற காரணம் நிறைய நம்ம இஞ்சி சோடாவுக்கும் பொருந்தும், ரெண்டுலயும் ஈஸ்ட்தான் சீனியத் தின்னுட்டு கேஸ் விடுது.

நான் இப்ப பண்றது இதுதான்: ரெண்டு மூணு நாள்ல முடியுற வேலைக்கு வாளி, மாசக்கணக்கா வச்சிருக்கப்போற உறைக்கு கண்ணாடி, கேஸ் ஏத்த பெட் பாட்டில்.

ஸ்டெப் 1, உறை. தயிருக்கு உறை மோர் மாதிரி இதுக்கும் ஒரு உறை வேணும். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடில ரெண்டு டம்ளர் கொதிக்க வச்சு ஆறுன தண்ணி, தோலோட துருவுன இஞ்சி ஒரு ஸ்பூன், சீனி ஒரு ஸ்பூன். வாயில வேட்டித் துணி கட்டி வச்சிட்டு தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டு கிண்டிவிடுங்க. தோலச் சீவிறாதீங்க, ஈஸ்ட் அதுலதான் இருக்கு. மத்த ஊர்ல அஞ்சாறு நாள் ஆகும்பாங்க, மதுரை சித்திரை வெயில்ல எனக்கு மூணாம் நாளே நுரை கட்டிருச்சு. இதுக்கு ஏன் கண்ணாடின்னா, ஓரத்துல பொடிப்பொடியா குமிழி ஏறுறது வெளியில இருந்தே தெரியும், பச்சையா கருப்பா பூசணம் பூத்தாலும் உடனே தெரிஞ்சிரும் (பூத்தா மொத்தமா கொட்டிருங்க, மேலாப்புல எடுத்துட்டு வச்சுக்கக் கூடாது). கண்ணாடில வாடை ஏறாது, கீறலும் சுலபத்துல விழாது.

ஸ்டெப் 2, வாளி. 5 லிட்டர் சோடாவுக்கு 7, 8 லிட்டர் வாளி எடுங்க, நுரை பொங்க இடம் வேணும். அடில முக்கோணத்துக்குள்ள 2 இல்லாட்டி 5னு நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, 2னா ஹெச்டிபிஇ, 5னா பாலிப்ரொப்பிலீன். ஆனா நம்பர் மட்டும் பத்தாது, அது என்ன பிளாஸ்டிக்குன்னுதான் சொல்லும், சாப்பாட்டுக்கு ஆகும்னு சொல்லாது, அதுக்கு கிளாஸும் ஃபோர்க்கும் சேந்த படம் இருக்கணும். தள்ளுவண்டில விக்கிற குளிக்கிற வாளி, பெயின்ட் வந்த பழைய வாளி இதெல்லாம் எம்புட்டு கழுவுனாலும் வேணாம்.

வாங்குனதும் கழுவி, சுடுதண்ணி ஊத்தி மூடி ராத்திரி வச்சிட்டு காலைல மோந்து பாருங்க. நான் மொத தடவ எங்க அத்தை வீட்ல மாங்கா ஊறுகா வச்சிருந்த வாளிய நாலு தடவ தேச்சுக் கழுவி, வெயில்ல காய வச்சு, வாடை போயிருச்சுன்னு நம்பி 5 லிட்டர் ஊத்துனேன், மறுநாள் தொறந்தா பெருங்காயமும் நல்லெண்ணெயும் குப்புன்னு அடிக்குது, அம்புட்டையும் கொட்டுனேன். பிளாஸ்டிக் வாடைய உள்ள இழுத்துக்கும். அதே மாதிரி கம்பி நார் போட்டு தேய்க்காதீங்க, அந்தக் கீறல்ல கிருமி உக்காந்துக்கிட்டா கழுவுனாலும் போகாது, ஸ்பாஞ்ச் போதும். கீறல் விழுந்த வாளிய செடிக்கு தண்ணி ஊத்த வச்சுக்கங்க.

அப்ப பெரிய கண்ணாடி ஜாடியே வாங்கிறலாமேன்னு தோணும். 19 லிட்டர் கார்பாய் நிறைஞ்சா தண்ணியே 19 கிலோ, கண்ணாடி அதுக்கு மேல ஒரு அஞ்சாறு கிலோ. ஈரக்கையோட கழுத்தப் பிடிச்சுத் தூக்கி, நழுவி, கை கால் கிழிஞ்சவங்க நிறைய. கை உள்ள போகாது, பிரஷ் விட்டுத்தான் கழுவணும். சில்லுன்னு இருக்கும்போது கொதிதண்ணி ஊத்துனா விரிசல் விட்ரும். பிளாஸ்டிக் வழியா பைய காத்து உள்ள போகும்னு சொல்றது உண்மைதான், ஆனா மாசக்கணக்குல வைக்கிற பீருக்குத்தான் அந்தக் கவலை, ரெண்டு நாள் சோடாவுக்கு இல்ல. வீட்ல எவர்சில்வர் தூக்கு பெருசா இருந்தா வாளியே வாங்க வேணாம், அது இன்னும் நல்லது. பித்தளையும் அலுமினியமும் மட்டும் கூடாது, புளிப்பு பட்டா ஆகாது.

ஸ்டெப் 3. கால் கிலோ இஞ்சிய நசுக்கி 2 லிட்டர் தண்ணில 15 நிமிசம் கொதிக்க விட்டு, 400 கிராம் சீனியக் கரைச்சு, வடிகட்டி, ஆறுன தண்ணி 3 லிட்டர் சேருங்க. நல்லா ஆறட்டும், சூட்டோட உறைய ஊத்துனா ஈஸ்ட் செத்துரும். அஞ்சு எலுமிச்சம்பழச் சாறும் ஒரு டம்ளர் உறையும் ஊத்தி, துணி கட்டி, வீட்லயே குளுமையான மூலைல ஒரு நாள், ஒன்றரை நாள் வைங்க.

ஸ்டெப் 4, இதுலதான் ரொம்ப கவனம். கேஸ் ஏத்துறதுக்கு வீட்ல கெடக்குற கண்ணாடி பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடவே மூடாதீங்க. எங்க வீட்ல அடுப்படி செல்ஃப்ல வச்ச சதுர பாட்டில் ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு வெடிச்சு, அரிசி டப்பாவுக்குப் பின்னாடியெல்லாம் சில்லு, எங்கம்மா ஒரு வாரம் செருப்போடதான் அடுப்படிக்குள்ள போனாங்க. கோலி சோடா பாட்டில் அவ்வளவு தடியா இருக்குறதே அந்த அழுத்தத்துக்காகத்தான். நமக்கு கூல்ட்ரிங்ஸ் வந்த பெட் பாட்டில் போதும். ரெண்டு இஞ்ச் இடம் விட்டு ஊத்தி மூடுங்க, சுடுதண்ணில மட்டும் கழுவாதீங்க, சுருங்கிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா விரலால அமுக்கிப் பாருங்க. மொதல்ல கொழகொழன்னு அமுங்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிரும், அப்ப ஃப்ரிட்ஜுல வச்சிரணும். மே மாசம் எனக்கு பத்து மணி நேரத்துலயே ஆயிருக்கு, மார்கழில ரெண்டு நாள் ஆச்சு.

ஊற ஊற கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டாகும், நாள் கூடக் கூட அதுவும் கூடும், அதுனால ஃப்ரிட்ஜுல வச்சு ரெண்டு மூணு நாள்ல குடிச்சிருங்க, பிள்ளைகளுக்கும் மாசமா இருக்கவங்களுக்கும் குடுக்காதீங்க.

மூடிய பைய திருகி, சீறுறது அடங்குனப்புறம் முழுசா தொறங்க. உறை எடுத்த ஜாடில அதே ஒரு டம்ளர் தண்ணி, ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சீனி திருப்பிப் போட்டு வச்சிருங்க, அடுத்த வாரத்துக்கு ஆகும்.